நூற்றெண்பது நாற்காலிகள்

ஜிம்மில் மடக்கு நாற்காலி போடுவது என் வேலை.
நூற்றெண்பது போட்டேன். நாற்பது பேர் வந்தார்கள்.
ஸ்டாக்டனில் டிசம்பர் மூடுபனி,
எதிரே வரும் லாரியை ஹாரனாக மட்டும் காட்டும்.
நாலாயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு நாற்பது பேர்.
மற்றவர்களுக்குக் குறையில்லை என்று
துணைமுதல்வர் எழுதிக்கொள்வார்.
மற்றவர்கள் இரவு ஷிப்டில் இருக்கிறார்கள் என்பது
நாற்காலி போடுகிறவனுக்குத் தெரியும்.

மைசீ வாங் முதலில் எழுந்தார்.
அவர் மகனுக்கு மதியச் சாப்பாடு காலை பத்து இருபதுக்கு.
மூன்று பந்தி வைத்தால்தான் நாலாயிரம் வாய் அடங்கும்,
அவன் முதல் பந்தி.
"பத்து இருபதுக்கு யாருக்குப் பசிக்கும்?
சாயங்காலம் சுவரைச் சுரண்டித் தின்கிற மாதிரி வர்றான்."

பின்வரிசையில் டெல்ஃபினோ, தொண்ணூற்றெட்டில் முடித்தவன்,
விரல் இடுக்கில் டயர்க் கடைக் கருப்பு.
"எனக்கு அதுதாங்க நாளோட முதல் சாப்பாடு.
சோத்துக்குத்தான் வந்தேன்.
வந்த இடத்துல கொஞ்சம் படிச்சேன்."
விளக்குகளின் ரீங்காரம் கேட்டது.
"என் பையன் வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் வர்றான்"
என்று உட்கார்ந்தார் மைசீ.
அதுவும் நியாயம்தான்.
ஒரே மணியடி. வாயும் வயிறும் வேறு.

ஒரு ஆலோசகருக்கு ஐந்நூற்று இருபது பிள்ளைகள்
என்றார் ரோசாலிண்டா பக்டயாவோ.
அவருடைய கடைக்குட்டியை ஒரு பருவம் முழுக்க
வேறு பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அவளும் அந்தப் பெயருக்கே
'பிரசன்ட்' சொல்லியிருக்கிறாள்.
பக்கத்தில் மூத்தவள், நர்ஸ் சீருடையில்,
மைக்கை வாங்காமலே சொன்னாள்:
"சர்ச்ல, தெருவுல, மீன் கடைல,
எங்க போனாலும் நான் ரோசாலிண்டா பொண்ணு.
இங்க மட்டும்தான் ஏழு மணி நேரம்
யாருக்கும் பொண்ணில்ல."
அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து
இருவருக்கும் நடுவில் வைத்தார்.

ரித்தி எதையும் பாராட்டவில்லை.
ஒரே வருடத்தில் கணக்குக்கு ஐந்து தற்காலிக ஆசிரியர்கள்.
ஐந்து பேரும் பின்னத்தில் ஆரம்பித்துப்
பின்னத்திலேயே போய்விட்டார்கள்.
"முப்பத்தாறு வயசாகுது.
ஹோட்டல்ல டிப்ஸ் கணக்குப் போட இன்னும் வராது."
அவன் அப்பா எழுந்தார்,
கெமர் மொழியில் ஒரே ஒரு வாக்கியம்.
ரித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டான்,
மொழிபெயர்க்க மாட்டேன் என்றான்.
யாரும் வற்புறுத்தவில்லை.

லாரி ஓட்டும் ஹர்ஜோத் தில்லன் மட்டும்
நன்றி சொல்வதற்கென்றே வந்திருந்தார்.
மகள் வெல்டிங் கற்றுக்கொண்டாளாம்,
வீட்டு கேட்டை அவளே ஒட்டினாளாம்,
போட்டோவைக் கைமாற்றிக் காட்டினார்.
அந்தப் பட்டறையைக் கோடையில் மூடப்போகிறார்கள்.
அவர் உட்காரும்வரை அதை யாரும் சொல்லவில்லை.

கடைசியாகக் கழிப்பறை.
எப்போதும் கடைசியாகக் கழிப்பறைதான்.
இரண்டாம் மாடியில் ஏன் பூட்டியே கிடக்கிறது?
துணைமுதல்வர் தாளைப் புரட்டினார்.
என் இடுப்பில் சாவிக்கொத்து,
மூச்சுவிட்டாலும் சத்தம் போடும்.
பூட்டுகிறவன் நான்.

தொண்ணூற்றொன்றில், அதே கழிப்பறையில்,
பெயர் தெரியாத ஒருவன் என் முன்பல் இரண்டைப் பெயர்த்தான்.
அன்று யாராவது அதைப் பூட்டியிருந்தால்
அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.
அதே மாடியில் என் மகன் இசாயாஸ், பத்தாம் வகுப்பு.
காலை ஏழிலிருந்து
ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை.
இதை ஜிம்மில் நான் சொல்லவில்லை.
பழைய மாணவர்கள் பக்கம் உட்கார்வதா,
பெற்றோர் பக்கமா?
ஊழியர்கள் நிற்க வேண்டும்.

நூற்றெண்பதையும் மடக்கினேன்.
யாரும் உட்காராத நூற்று நாற்பதும்
அதே கனம்தான்.

வீட்டில், குழாயடியில்
மூன்றாவது டம்ளரில் இருந்தான்.
"ஸ்கூல் எப்படி?"
"பரவால்ல."

என் அம்மாவிடம் அதையேதான் சொன்னேன்,
வாயைத் திறக்காமல்.